மூன்று வரியில் முடிகிற வேலையா?

டொமைனின் டிஎன்எஸ்ஸில் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று வரி ஒட்டுவதற்கு இவ்வளவு கூலியா என்று கேட்கிறார்கள். தீர்த்தமலை, அரூர் பக்கத்துச் சிறு நிறுவனங்களுக்கு மெயில் பார்த்துக் கொடுக்கிற எங்களுக்கு இது பழகிப்போன கேள்வி. நிறுவனத்தின் டொமைன் பெயரைப் போட்டு யாரோ ஸ்பேம் அனுப்புகிறான். போய்ச் சேராதவை எல்லாம் பவுன்ஸ் ஆகி முதலாளியின் இன்பாக்ஸில் குவிகின்றன. உடனே பாஸ்வேர்டை மாற்றுகிறார்கள், ஆன்டிவைரஸ் வாங்குகிறார்கள். ஆனால் பெரும்பாலும் யாரும் உள்ளே நுழைந்திருப்பதே இல்லை. 1982-இல் எழுதிய எஸ்எம்டிபி விதிகளில் அனுப்புநர் பெயரைச் சரிபார்க்க ஏற்பாடே கிடையாது. சந்தேகம் இருந்தால் அந்த ஸ்பேமின் முழு ஹெடரை வாங்கி, பெற்றவரின் சர்வர் சேர்த்த ‘ரிசீவ்டு’ வரியைப் பாருங்கள். அதற்குக் கீழே உள்ளவற்றை நம்ப வேண்டாம், அவற்றையும் பொய்யாக எழுதலாம். அந்த ஐபி உங்கள் சர்வருடையது இல்லை என்றால் பாஸ்வேர்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எந்தெந்த சர்வர் நம் பெயரில் அனுப்பலாம் என்ற பட்டியலான எஸ்பிஎஃப்பைப் போட்டாகிவிட்டதே, இன்னும் ஏன் வருகிறது என்பது அடுத்த கேள்வி. எஸ்பிஎஃப் பார்ப்பது தபால் உறையின் மேல் உள்ள பெயரை. வாடிக்கையாளர் படிப்பது உள்ளே கடிதத்தில் உள்ள பெயரை. ஸ்பேம்காரன் உறையில் தன் டொமைனையும் உள்ளே உங்கள் டொமைனையும் எழுதினால் எஸ்பிஎஃப் பாஸ் ஆகிவிடும். இந்த இரண்டையும் பொருத்திப் பார்க்கத்தான் டிமார்க் வந்தது. எங்கள் உழைப்பெல்லாம் அது அனுப்பும் ரிப்போர்ட்டில் இருக்கிறது. பெரிய மெயில் நிறுவனங்கள் நாள்தோறும் சுருக்கி அனுப்பும் எக்ஸ்எம்எல் கோப்பு அது. ஒரு வரிசையில் ஒரு ஐபி, எத்தனை மெயில், எஸ்பிஎஃப் பாஸ், டிகிம் கையொப்பம் இல்லை, டிமார்க் ஃபெயில் என்று இருக்கும். ஸ்பேம்காரனா? இருக்கலாம். ஜிஎஸ்டி பில்லை நேராக வாடிக்கையாளருக்கு அனுப்பும் பில்லிங் மென்பொருளாகவும் இருக்கலாம். வெப்சைட்டின் விசாரணைப் படிவம், சம்பளச் சீட்டு அனுப்பும் சேவை, ஆடிட்டர் ஆபீஸ் எப்போதோ அமைத்துக் கொடுத்த கணக்கு என்று நிறுவனத்தின் பெயரில் பேசும் வாய்கள் முதலாளிக்கே முழுதாகத் தெரியாது. ஒவ்வொரு ஐபியையும் யாருடையது என்று துரத்திப் பிடித்து, உண்மையானவற்றுக்கு டிகிம் சாவி வாங்கிப் போட வேண்டும். எஸ்பிஎஃப்பில் எல்லாரையும் சேர்த்துக்கொண்டே போகவும் முடியாது. டிஎன்எஸ் தேடல் பத்தைத் தாண்டினால் அந்த ரெக்கார்டே செல்லாது.

இப்போதைய பிள்ளைகள் இந்தப் பகுதியை அப்படியே தாண்டிவிடுகிறார்கள். தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் பாலிசியை ‘நன்’ என்று போட்டு, ரிப்போர்ட் போகும் முகவரியைக்கூட எழுதாமல், வேலை முடிந்தது என்று பில் போடுகிறார்கள். 2024 பிப்ரவரியில் ஜிமெயில் தன் பயனர்களுக்கு நாளுக்கு 5000 மெயிலுக்கு மேல் அனுப்புவோர் டிமார்க் வைத்தே தீர வேண்டும் என்றது. ‘நன்’ போட்டாலே போதும் என்றும் விட்டது. அதிலிருந்து இந்த வழக்கம் இன்னும் பரவிவிட்டது. ‘நன்’ எதையும் தடுக்காது, வேடிக்கை மட்டுமே பார்க்கும். ‘ரிஜெக்ட்’ போட்டால் நல்ல பில்லும் திரும்பிவிடாதா என்று கேட்பது நியாயம்தான். ரிப்போர்ட் படிக்காமல் போட்டால் திரும்பும். அதனால்தான் முதலில் ‘நன்’, பிறகு ‘குவாரன்டைன்’, கடைசியில் ‘ரிஜெக்ட்’ என்று வாரக்கணக்கில் ஏற வேண்டும். கூலி அந்த வாரங்களுக்குத்தான். இத்தனை சின்னக் கம்பெனியை யார் குறிவைப்பார்கள் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. ஸ்பேம்காரனுக்கு வேண்டியது கெட்ட பெயர் வாங்காத, காவல் இல்லாத ஒரு டொமைன். விற்றுமுதலை அவன் பார்ப்பதில்லை.

போலீஸ் பார்த்துக்கொள்ளாதா என்பார்கள். மென்பொருள் நிறுவனங்களின் சங்கமான நாஸ்காம் பெயரில் போலி மெயில் அனுப்பியவர்கள் மீதான வழக்கில் 2005-லேயே டெல்லி உயர் நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்றது. ஆனால் அங்கே அனுப்பியவர்கள் கையில் கிடைத்தார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ, மெயில் எங்கிருந்து வருகிறது என்பதில் ஏமாற்றுவதையும் குற்றமாக வைத்திருந்தது; கருத்துரிமைக்கு எதிரான பிரிவு என்று 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை முழுவதுமாக ரத்து செய்தது. ஆள்மாறாட்ட மோசடிக்கு 66டி இருக்கிறது. ஆள் வெளிநாட்டில் இருந்தால் அதை வைத்துக்கொண்டு எங்கே தேடுவது? எஸ்எம்எஸ்ஸில் அனுப்புநர் பெயரைப் பதிந்துதான் வணிகச் செய்தி அனுப்ப முடியும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் விதி செய்தது. மெயிலுக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை. உங்கள் டொமைனின் டிஎன்எஸ்தான் பதிவேடு.

டிமார்க்காலும் ஆகாதது ஒன்று உண்டு. ஓர் எழுத்தை மாற்றி வேறு டொமைன் வாங்கி, அதிலிருந்து “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது” என்று உங்கள் வாடிக்கையாளருக்கு எழுதினால் எந்த ரெக்கார்டும் தடுக்காது. கணக்கு எண் மாறியதாக மெயில் வந்தால் பழைய போன் நம்பரில் கூப்பிட்டுக் கேட்காமல் பணம் போடாதீர்கள் என்று ஒவ்வொரு பில்லிலும் அச்சடித்து அனுப்புங்கள். போட்டுவிட்டார்கள் என்றால் நேரம் கடத்தாமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.