முதலியார்பேட்டை முதல் புதுப்பேட்டை வரை



புதுச்சேரிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கடற்கரையையும் பிரெஞ்சுக்காரர் கட்டிய மஞ்சள் சுவர் மாளிகைகளையும் கண்டு திரும்பிவிடுகிறார்கள். கடலூர் சாலையில் தெற்கே சிறிது தூரம் சென்றால் எதிர்ப்படும் முதலியார்பேட்டையை அவர்கள் பார்ப்பதில்லை. அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். உழைப்பு இருக்கிறது. பெரியவர்கள் இன்றும் 'ரோடியர் மில்' என்று குறிப்பிடும் ஏ.எஃப்.டி. நூற்பு நெசவு ஆலை இங்கேதான் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இயங்கியது. 2020-ல் அது மூடப்பட்டு, ஆலையின் சங்கு ஓய்ந்துவிட்டது. ஆயினும் லேத் பட்டறையின் ஓசையும் வாகனப் பட்டறையின் சுத்தியல் ஒலியும் இவ்வூரில் இன்னும் ஓயவில்லை.

அத்தகைய பட்டறை ஒன்றின் வாசலில் சற்று நேரம் நின்று பாருங்கள். ஒரு மூலையில் துருப்பிடித்த இரும்பு குவிந்து கிடக்கும். உங்களுக்கும் எனக்கும் அது குப்பை. அறிந்தவர் கண்ணுக்கோ அதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. பிறந்த ஊரும் ஆண்டும் உண்டு.

அங்குலமும் மில்லிமீட்டரும்

1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் இது. எனவே பழைய கார்களைத் தொடும் இவ்வூர்க் கைவினைஞர் இரண்டு அளவு முறைகளை அறிந்திருக்க வேண்டியதாயிற்று. இங்கிலாந்துக் காருக்கு அங்குலம். பெஜோ, சிட்ரோயன், ரெனோ போன்ற பிரெஞ்சுக் கார்களுக்கு மில்லிமீட்டர்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மயிரிழைதான். ஆனால் அதனால் விளையும் கேடு பெரிது. 5/16 அங்குல போல்ட்டும் 8 மில்லிமீட்டர் போல்ட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஒன்றின் துளையில் மற்றொன்றைச் செலுத்தினால் ஒரு சுற்றுச் சுற்றும், பிறகு இறுகும். வலிந்து திருகினால் மரை அழிந்துபோகும். அரை அங்குல நட்டுக்கு 13 மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டால் நட்டின் முனைகள் மழுங்கும்.

டயர் விஷயத்தில் இது உயிருக்கே ஆபத்தாகும். பழைய சிட்ரோயன் டிராக்ஷன் அவான் காரின் ரிம் 400 மில்லிமீட்டர் அளவுடையது. 16 அங்குல ரிம்மோ 406 மில்லிமீட்டர். 'ஆறு மில்லிமீட்டர்தானே' என்று 16 அங்குல டயரை அதில் மாட்டினால் அது ரிம்மைப் பற்றி அமராது, ஓட்டத்தில் கழன்றுவிடக்கூடும். ஆகவே, 'பொருந்தும்' என்று விற்பவர் சொல்லும் ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தின் உயிர் அடங்கியிருக்கிறது.

பாகம் தன் வரலாற்றைச் சொல்லும்

பழைய பாகத்தை இனம் காண்பது எப்படி? முதலில் அழுக்கைத் துடைத்து, வார்ப்பிலேயே பொறிக்கப்பட்ட எண்ணைத் தேட வேண்டும். அடுத்துத் தயாரித்தவரின் முத்திரை. இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனத்தார் தம் டைனமோக்களில் மாதத்தையும் ஆண்டையும் எண்களால் அடித்து வைத்தார்கள். 'லூகாஸ்-டி.வி.எஸ்.' என்றிருந்தால் அது 1961-க்குப் பிந்தியது. சென்னை பாடியில் இயங்கும் அந்த நிறுவனம் அவ்வாண்டில்தான் தொடங்கப்பட்டது. முகப்பு விளக்கு மஞ்சள் ஒளி தருவதாக இருந்தால் அது பிரெஞ்சுக் காருடையதாக இருக்க வாய்ப்புண்டு. 1930-களின் பிற்பகுதி முதல் 1993 வரை பிரான்சின் சட்டம் அந்நிறத்தையே வற்புறுத்தியது.

நம் அம்பாசடரிலும் இந்த நுட்பம் உண்டு. தொடக்க காலத்து வண்டிகளில் இருந்தது பக்கவாட்டு வால்வு அமைந்த 1476 சி.சி. என்ஜின். விரைவிலேயே மேல்வால்வு அமைந்த 1489 சி.சி. என்ஜின் வந்தது. ஒன்றின் ஹெட் கேஸ்கெட் மற்றொன்றுக்கு உதவாது. 'அம்பாசடர் சாமான்' என்று மட்டும் கேட்டு வாங்குகிறவர் ஏமாறுவது இதனால்தான்.

கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காண எளிய வழி ஒன்றும் உண்டு. பாகத்தின்மீது மண்ணெண்ணெய் தடவிச் சிறிது பொறுத்து, நன்றாகத் துடைத்துவிட்டுச் சுண்ணக்கட்டித் தூளைப் பூச வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து, வெண்மையின்மீது கோடாகத் தெரியும்.

புதுப்பேட்டைச் சந்துகள்

முதலியார்பேட்டையில் கிடைக்காத பாகத்தைத் தேடுகிறவர் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கடந்து சென்னை செல்கிறார். எழும்பூரை அடுத்து, கூவம் ஆற்றின் அருகே அமைந்த புதுப்பேட்டை பழைய உதிரி பாகங்களின் பெருஞ்சந்தை. ஒரு கடையில் கதவுகள் மட்டுமே, அடுத்த கடையில் கியர் பெட்டிகள் மட்டுமே, அதற்கடுத்ததில் கண்ணாடிகள். ஒரு கார் இங்கே பிரிக்கப்பட்டால், அதன் உறுப்புகள் வேறு வேறு கடைகளுக்குப் பிரிந்து சென்று, வேறு வேறு ஊர்களின் கார்களில் மீண்டும் வாழத் தொடங்குகின்றன.

இங்கே நம் சமுதாயத்தார் பலரும் தொழில் செய்கிறார்கள். பழைய இரும்புக் கடையைத் தமிழகம் 'காயலான் கடை' என்று அழைப்பதை அறிவீர்கள். காயல்பட்டினத்தார் இவ்வணிகத்தில் ஈடுபட்டதால் அப்பெயர் வந்ததென்று பலரும் விளக்கம் கூறுவர். கடல் கடந்து வாணிபம் செய்த ஓர் ஊரின் பெயர், பேச்சு வழக்கில் பயனற்ற பொருளைக் குறிக்கும் சொல்லாகத் தேய்ந்துவிட்டது. அதன் மதிப்பை மீட்பது எது? அறிவும் நாணயமுமே.

குவியலின் அடியில் நனைந்த தானியத்தை வைத்திருந்த வியாபாரியை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சியை நம் பிள்ளைகள் மதரஸாவில் படிக்கிறார்கள். வண்ணம் பூசி மறைத்த விரிசலும், புதியதென்று விற்கும் பழைய பிரேக் ரப்பரும், ராவி அழித்த எண்ணும் அந்த நனைந்த தானியம்தான். எண் அழிக்கப்பட்ட பாகம் திருட்டு வண்டியிலிருந்தும் வந்திருக்கலாம். விலை மலிவு என்று அதை வாங்குகிறவரும் குற்றத்தில் பங்காளியாகிறார்.

எடையா, பெயரா?

2014-ல் அம்பாசடர் உற்பத்தி நின்றது. 2017-ல் அந்தப் பெயரை மட்டும் பிரான்சின் பெஜோ குழுமம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. இரும்பு எடைக்கு விலை போகிறது; பெயரோ நம்பிக்கைக்கு விலை போகிறது.

உங்கள் வீட்டுக் கொட்டகையில் வாப்பாவோ பாட்டனாரோ விட்டுச் சென்ற பழைய வண்டி நிற்கிறதா? கிலோக் கணக்கில் கொடுத்துவிட அவசரப்படாதீர்கள். முதற்பதிவாகி 50 ஆண்டுகள் கடந்து, மூல வடிவம் மாறாதிருக்கும் வாகனங்களுக்கு 2021-ஆம் ஆண்டு மைய அரசின் விதி தனிப் பதிவு அளிக்கிறது. எண் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இடம்பெறும். விதியில் குறித்த பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். செல்லுபடியாகும் காலம் பத்தாண்டுகள். மூல வடிவம் என்பதே நிபந்தனையாதலால், ஒரு சிறு விளக்கும் கைப்பிடியும்கூட மதிப்புப் பெறுகின்றன.

ஆகவே முதலில் ஆவணங்களைத் தேடி எடுங்கள். பாகங்களின் எண்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அறிந்த கைவினைஞர் ஒருவரிடம் காட்டுங்கள். விற்பதாயின் குறையையும் சேர்த்தே சொல்லி விற்றுவிடுங்கள். குறை சொல்லி விற்ற பொருளின் விலை சற்றுக் குறையலாம். அந்த வருவாயில் பரக்கத் குறையாது.