மூணு எச்.பி ஏறிடுச்சா? தம்பியின் பைக்கும் ஒரு போன் கேமராவும்!

புதுக்கோட்டையில் பைக் பையன்கள் கூடும் டீக்கடைகளில் 'போர்ட்டிங்' என்ற வார்த்தை அடிக்கடி காதில் விழும். ஆர்.எக்ஸ் 100 காலத்திலிருந்து வரும் வார்த்தை. 1985-ல் வந்து 1996-ல் உற்பத்தி நின்றுபோன 98 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி அது. அதில் காற்று போய்வரும் துவாரங்கள் சிலிண்டர் சுவரிலேயே இருக்கும். அவற்றைக் கொஞ்சம் ராவினாலே வண்டியின் குணம் மாறிவிடும். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளில் அந்த வழி சிலிண்டர் ஹெட்டுக்குள், வால்வுக்குப் பின்னால் இருக்கிறது. பெயர் ஒன்றுதான், வேலை வேறு.

என் தம்பியிடம் இருப்பது பழைய 150 சிசி ஃபோர் ஸ்ட்ரோக். பழைய இரும்புக் கடையில் அதே மாடல் ஹெட் ஒன்றை வாங்கி, போர்ட்டிங் செய்து மாட்டிவிட்டான். மொத்தம் 6,500 ரூபாய். அம்மாவின் சீட்டுப் பணம். "மூணு எச்.பி ஏறிடுச்சுக்கா!" என்றான். அடுத்து பெரிய கேம், பெரிய கார்புரேட்டர் என்று இன்னொரு 12,000 ரூபாய்க்குத் திட்டமும் தயார்.

யாராவது ஓர் எண்ணைச் சொன்னால் 'எப்படித் தெரியும்?' என்று கேட்கத்தான் எனக்குச் சம்பளம். மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "சவுண்டைக் கேட்டாலே தெரியும்மா" என்றார்.

சத்தத்தை நம்பாமல் அளப்பதற்குக் கருவிகள் இருக்கின்றன. ஃப்ளோ பெஞ்சில் ஹெட்டை வைத்து, ஒரே அளவு உறிஞ்சலில், வால்வு எவ்வளவு திறந்தால் எவ்வளவு காற்று போகிறது என்று பார்ப்பார்கள். டைனோவில் பின் சக்கரம் உருளையைச் சுற்ற, சக்தி கணக்காகும். இது புதுக் கதை இல்லை. பிரான்ஸ் நாட்டு எஞ்சினீயர் ப்ரோனி, என்ஜினுக்கு பிரேக் போட்டு அதன் சக்தியை அளந்தது 1821-ல். பாலிடெக்னிக் லேபில் டிரம்மில் கயிற்றைச் சுற்றி எடைக்கல் தொங்கவிடுவார்களே, அதே யோசனைதான்.

எங்களிடம் இருந்ததோ திருமயம் சாலையும் போன் கேமராவும். நல்லவேளையாக ஒரிஜினல் ஹெட் வீட்டில் சாக்குப் பையில் பத்திரமாக இருந்தது. ஒருநாள் போர்ட்டிங் ஹெட், அடுத்த நாள் ஒரிஜினல். இரண்டு நாளும் காலை ஆறு மணி. நேரம் முக்கியம். 22 டிகிரி காற்றைவிட 38 டிகிரி காற்றில் அடர்த்தி ஏறக்குறைய 5 சதவீதம் குறைவு. ஒன்றைக் காலையிலும் மற்றதை மதியத்திலும் ஓட்டினால், போர்ட்டிங்கை விட்டுவிட்டு புதுக்கோட்டை வெயிலைத்தான் அளந்திருப்போம்! பெட்ரோல் அளவு, டயர் காற்று, ஓட்டுபவன், எல்லாம் அதே. காற்று எதிர்த்தாலும் தள்ளினாலும் சமனாகட்டும் என்று போகும்போது மூன்று முறை, வரும்போது மூன்று முறை. டாப் கியரில் முழு த்ராட்டில். ஸ்பீடோமீட்டரை வீடியோ எடுத்து, முள் நகர்ந்த நேரத்தைக் கணக்கிட்டோம்.

40-லிருந்து 70-க்குப் போக ஒரிஜினல் ஹெட்டுக்குச் சராசரி 9.4 விநாடி. போர்ட்டிங் ஹெட்டுக்கு 9.1. ஜெயிச்சாச்சு என்று தம்பி துள்ளினான். ஆனால் ஒரே ஹெட்டின் ஆறு ஓட்டங்களுக்குள்ளேயே 0.6 விநாடி வரை வித்தியாசம் இருந்தது. 0.3-ஐ வைத்து என்ன சொல்ல முடியும்? மூணு எச்.பி என்பது அந்த வண்டியின் மொத்த சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு. அது இப்படி ஒளிந்துகொள்ளாது.

30-லிருந்து 50-க்குப் போவதில்தான் விஷயம் இருந்தது. ஒரிஜினல் 6.8, போர்ட்டிங் 7.5. ஆறு ஓட்டத்திலும் போர்ட்டிங் ஹெட்தான் பின்தங்கியது. வழி பெரிதானால் காற்றின் வேகம் குறையும். குறைந்த ஆர்.பி.எம்மில் சிலிண்டர் சரியாக நிரம்பாது. இரண்டாவது கியரில் கடைசி வரை முறுக்கியபோது மட்டும் போர்ட்டிங் ஹெட் தெளிவாக முந்தியது. ஆக, லாபம் இல்லாமல் இல்லை. ஆனால் தம்பி தினமும் ஓட்டுவது கீழ ராஜ வீதி நெரிசலில். அந்த ஆர்.பி.எம் அங்கே எட்டிப்பார்க்கவே பார்க்காது.

ஒரிஜினல் ஹெட் வண்டியிலேயே இருக்கட்டும் என்று முடிவானது. 12,000 ரூபாய் அம்மாவிடமே நின்றது. "ஆனாலும் சவுண்டு அதுலதான்க்கா நல்லாருந்துச்சு" என்று முனகிக்கொண்டிருக்கிறான்.

மெக்கானிக் அண்ணன் வீடியோக்களை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். "அடுத்த ஹெட்ல வழியைப் பெருசாக்காம வால்வு சீட்டுக்குக் கீழ மட்டும் கை வைக்கிறேன். ஊருக்கு வர்றப்போ சொல்லும்மா, முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு வீடியோ எடுத்துடலாம்" என்றார்.