வைக்கோல் போகும் வழி

மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. புல்லை நாக்கால் சுருட்டி இழுத்து, கீழ்ப்பல்லுக்கும் மேலே தடித்த ஈறுக்கும் நடுவே பிடித்து, தலையை ஒரு வெட்டு வெட்டிப் பிய்த்துக்கொள்ளும். வைக்கோலானாலும் புல்லானாலும் அரைகுறையாக மென்று விழுங்கிவிடும். நன்றாக மெல்லுவது பிறகு, நிழலில் படுத்து அசைபோடும்போதுதான். அதற்கே நாளில் ஏழெட்டு மணி நேரம் போகும். ஒரு நாளில் ஊறும் உமிழ்நீர் 100 லிட்டருக்கும் மேல். அதிலுள்ள பைகார்பனேட் வயிற்றின் புளிப்பைத் தணிக்கும்.

உணவுக்குழாய் வந்து சேரும் பெரிய பை ருமென். இடது விலாப்பக்கம் முழுவதும் அதுதான். 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். இங்கே செரிமான நீர் ஒரு துளியும் சுரப்பதில்லை. செல்லுலோஸை உடைக்கும் நொதியை மாடு மட்டுமல்ல, எந்தப் பாலூட்டியும் தானாகச் சுரப்பதில்லை. அந்த வேலையைச் செய்வது, காற்றில்லாத இந்தப் பையில் சுமார் 39 டிகிரி செல்சியஸ் சூட்டில் பெருகும் பாக்டீரியா, புரோட்டோசோவா, பூஞ்சைகள். நாரைத் தின்று அவை கழிவாக விடுவது அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்கள். மாட்டுக்கு வேண்டிய ஆற்றலில் பாதிக்கு மேல் இந்தக் கழிவிலிருந்தே கிடைக்கிறது. மாட்டுக்குத் தீனி வைப்பதாகச் சொல்வது பாதிதான் உண்மை; முதலில் தின்பவை இந்த நுண்ணுயிர்களே. அமிலங்களோடு கூடவே உண்டாகும் மீத்தேன் ஏப்பமாக வெளியேறும். ஏப்பம் அடைபட்டால் வயிறு உப்பி நுரையீரலை நெருக்கும். சில மணி நேரத்தில் மாடு செத்தும் போகும்.

பாதை இங்கே இரண்டாகப் பிரிகிறது. அமிலங்கள் ருமென் சுவரிலுள்ள நாக்கு நாக்கான நீட்சிகள் வழியே அப்போதே இரத்தத்தில் இறங்கிவிடும். மிஞ்சியது தொடர்ந்து போகிறது.

போகும் வழியில் ருமெனை ஒட்டியிருப்பது தேன்கூடு போல அறை அறையாக உள்ள இரண்டாம் வயிறு. தீனியோடு விழுங்கிய ஆணியும் கம்பியும் இங்கேதான் தங்கும். முன்னே உதரவிதானம், அதற்கு அப்பால் இதயம். வயிறு சுருங்கும்போது கம்பி உதரவிதானத்தைத் துளைத்து இதய உறையில் குத்துவதுண்டு. அதைத் தடுக்க மாட்டுக்குக் காந்தத் துண்டு விழுங்கக் கொடுப்பதும் வழக்கம். மூன்றாம் வயிறு நீரை உறிஞ்சும். நான்காவதுதான் அமிலமும் பெப்சினும் சுரக்கும் உண்மையான இரைப்பை. ருமெனில் வளர்ந்த நுண்ணுயிர்களே இங்கு செரிக்கப்பட்டு, மாட்டுக்குப் புரதமாகின்றன. சுமார் 40 மீட்டர் நீளச் சிறுகுடலில் அமினோ அமிலங்கள் உறிஞ்சப்பட, உடைபடாத லிக்னின் சாணத்தோடு போய்விடும்.

ருமெனிலும் குடலிலும் உறிஞ்சப்பட்டவற்றில் பெரும்பகுதியைப் போர்ட்டல் சிரை கல்லீரலுக்குக் கொண்டுபோகும். அங்கே புரோப்பியோனிக் அமிலம் குளுக்கோஸாகிறது. மாட்டின் குடலிலிருந்து நேரடியாகக் கிடைக்கும் குளுக்கோஸ் சொற்பம் என்பதால், வேண்டியதைக் கல்லீரலே தயாரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அசிட்டிக் அமிலம் பெரும்பாலும் கல்லீரலைத் தாண்டிப் போய்விடும். பெருஞ்சிரை வழியே இதயத்தின் வலப்பக்கம், அங்கிருந்து நுரையீரல். ஆக்சிஜன் ஏறியதும் இடப்பக்கம், பிறகு பெருந்தமனி.

கறவை மாட்டில் இரத்தத்தின் கணிசமான பங்கு மடிக்குத் திரும்பும். ஒரு லிட்டர் பால் சுரக்க ஏறத்தாழ 400 முதல் 500 லிட்டர் இரத்தம் மடியைச் சுற்றிவர வேண்டும். குளுக்கோஸ் அங்கே லாக்டோஸாகும். அசிட்டிக் அமிலம் பால்கொழுப்பாகும். நார்த்தீனி குறைந்தால் பாலில் கொழுப்பும் குறையும்.

தசைக்குப் போன அசிட்டிக் அமிலம் செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவை அடைந்து, ஹான்ஸ் கிரெப்ஸ் 1937இல் விளக்கிய சுழற்சியில் நுழைகிறது. அதன் கார்பன், கார்பன் டை ஆக்சைடாகிறது. ஹைட்ரஜன் கடைசியில் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகிறது. கிடைத்த ஆற்றலில் ஒரு பகுதி ஏடிபியாகத் தசையை இயக்க, மற்றது வெப்பமாகிறது. கார்பன் டை ஆக்சைடு சிரை வழியே நுரையீரலுக்குத் திரும்பி மூச்சோடு போகும். வெப்பம் அவ்வளவு சுலபமாகப் போவதில்லை. ருமெனில் எழும் சூடும் அதோடு சேர்வதால் கோடையில் மாடு தீனியைக் குறைத்துக்கொள்ளும். வைக்கோலை வெயில் தாழ்ந்த பிறகு போடச் சொல்வது அதற்காகத்தான்.