அளக்க இயலாத மூச்சு

கோகிமா அருகே பதிவுசெய்த அங்காமி மொழிக் கதைகளைப் பாட்காஸ்டாக வெளியிட முனைந்தபோது நான் செய்த பிழை ஒன்றை, கள ஆய்வுக்குப் புறப்படும் இளையோருக்காக எழுதிவைக்கிறேன்.

நாற்பது நிமிடக் கதையொன்று, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், இருதட வேவ் கோப்பாக ஏறத்தாழ 423 மெகாபைட். ஒற்றைத்தட எம்பி3 ஆக, நொடிக்கு 64 கிலோபிட் வீதத்தில் சுருக்கினால் 19 மெகாபைட்தான். கதைசொன்ன மூதாட்டியின் பேரப்பிள்ளைகள் மலையூரில் கைப்பேசிவழி கேட்க அதுவே ஏற்றது. சுருக்கினேன். அதில் பிழையில்லை.

எம்பி3 மனிதச் செவியின் குறைபாட்டின்மீது கட்டப்பட்டது. உரத்த ஒலி தன்னை அடுத்த மெல்லொலியை மறைத்துவிடும். மறைவதைச் சேமிப்பானேன் என்பது அதன் தருக்கம். கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் அதைச் செப்பனிடச் செவிமடுத்த பாடல்களுள் ஒன்று, சூசன் வேகா இசைக்கருவியின்றிப் பாடிய 'டாம்ஸ் டைனர்'. ஆனால் அங்காமியில் குரலிலா மூக்கொலிகள் உண்டு. குரல்நாண் அதிராது, மூச்சு மட்டும் மூக்கின்வழி கசியும், வாய் திறந்த பின்னும் உடனே நிற்பதில்லை. பேரி பாஸ்கரராவும் பீட்டர் லடிஃபோகெடும் 1991இல் விரிவாக விளக்கியது இதைத்தான். என் ஆய்வேடும் அக்கசிவின் கால அளவைப் பற்றியதே. உரத்த உயிரொலிகளுக்கு இடைப்பட்ட அந்த மெல்லிரைச்சல், சுருக்கிய கோப்பின் நிறமாலைப் படத்தில் திட்டுத்திட்டாக ஓட்டை விழுந்து கிடந்தது. எம்பி3இன் ஒரு சட்டகம் 1152 மாதிரிகள், அதாவது 26 மில்லிநொடி. நான் அளக்க வேண்டிய எல்லைகளோ அதற்கும் நுண்ணியவை.

பேத்திக்கு ஒரு சொல்லும் பிசகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கேட்டுச் சிரித்தாள்.

என் பிழை அதன்பிறகு நேர்ந்தது. மடிக்கணினியில் இடம் போதாமல் மூலக் கோப்புகளை அழித்தேன். வன்தட்டில் படி இருக்கிறது என்ற நம்பிக்கை. திறந்து பார்க்கச் சோம்பல். மூன்று கதைகளுக்குப் படியே இல்லை. மீண்டும் பதிவுசெய்யலாம் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். மறு குளிர்காலத்தில் அம்மூதாட்டி மறைந்தார்.

ஓரிரவு, பயனில்லை என அறிந்தே, எம்பி3ஐ மீண்டும் வேவாக மாற்றினேன். கோப்பு 211 மெகாபைட்டாக வீங்கியது. படத்தில் ஓட்டைகள் அப்படியே இருந்தன.

இப்போது இரண்டு இடங்களில் படியெடுத்து, இரண்டையும் திறந்து கேட்ட பின்னரே மாற்றியைத் தொடுகிறேன். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அம்மூன்று கதைகளுக்கு நேரே 'அளக்கப்படவில்லை' என்று எழுதியிருக்கிறேன். காரணம் கேட்டு நெறியாளர் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடிட்டிருக்கிறார்.