போர்டு இருக்கு... பதிவு இருக்கா?

உங்க காலேஜ்ல கேன்டீன் எங்கேன்னு கேட்டா, கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்ச் சேர்ந்துடுவீங்க. கவுன்சலிங் ரூம் எங்கே? யோசிக்கிறீங்கல்ல! சரி, அந்த ரூம்ல உட்கார்ந்திருக்கிறவங்க என்ன படிச்சிருக்காங்க, யார்கிட்ட பயிற்சி எடுத்தாங்க, அவங்க பேர் எந்த ரிஜிஸ்டர்ல இருக்கு?

‘இதெல்லாம் நமக்கு எதுக்குப்பா?’ன்னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. நாளைக்கு நமக்கோ, பக்கத்து பெஞ்ச் நண்பனுக்கோ மனசு சரியில்லைன்னா, தட்டப்போறது அந்தக் கதவைத்தான்.

ட்ரிபிள் ஈ மூன்றாம் வருஷம் படிக்கிற எனக்கு சைக்காலஜியில் என்ன வேலை என்று கேட்கலாம். காரணம் ரெண்டு பேர். ஒருத்தி என் பெரியம்மா மகள். இன்னொருத்தன் என் ஹாஸ்டல் ரூம்மேட்.

முதலில் அக்கா. மதுரையில் எம்.எஸ்ஸி. அப்ளைடு சைக்காலஜி முடித்தாள். ரிசல்ட் வந்த வாரமே சித்தப்பா ஒரு ஐடியாவோடு வந்து நின்றார். “நம்ம கடை மாடி சும்மாதானம்மா கெடக்கு. ஒரு ஃபேனு, ரெண்டு சேரு, வாசல்ல ஒரு போர்டு. ‘மனநல நிபுணர்’னு எழுதிட்டா முடிஞ்சுபோச்சு!”

வீட்டில் எல்லோர் முகத்திலும் பல்ப் எரிந்தது. அக்கா மட்டும் அசையவில்லை.

“இல்ல சித்தப்பா, இன்னும் ரெண்டு வருஷம் படிக்கணும்.”

அவ்வளவுதான். “அஞ்சு வருஷம் படிச்சது பத்தாதா?”, “ஃபீஸ் யாரு கட்டுறது?”, “அப்போ கல்யாணம்?” என்று ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். சித்தப்பா விடவில்லை. “அமெரிக்காவுல எல்லாம் மாஸ்டர்ஸ் முடிச்ச கையோட பிராக்டீஸ் பண்றாங்களாமே?”

“யாரு சொன்னா? அங்க ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு ரூல் இருக்கு. கலிஃபோர்னியாவுல மாஸ்டர்ஸ் முடிச்சவங்க தெரபிஸ்ட் லைசென்ஸ் வாங்கணும்னா, லைசென்ஸ் உள்ள சீனியரோட மேற்பார்வையில 3,000 மணி நேரம் வேலை பார்த்திருக்கணும். குறைஞ்சது 104 வாரம். பரீட்சை வேற தனியா இருக்கு” என்றாள் அக்கா. சித்தப்பா கப்சிப்.

“நம்ம நாட்டுல என்ன ரூல்?” என்று நான் கேட்டேன். அன்றைக்கு அக்கா எடுத்த கிளாஸ்தான் இந்தக் கட்டுரைக்கே அஸ்திவாரம்.

இங்கே எல்லாவற்றுக்கும் ஆரம்பம் 1992-ல் வந்த இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம். சுருக்கமாக ஆர்.சி.ஐ. ஒருவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டாகத் தொழில் செய்ய வேண்டுமென்றால், அந்தக் கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்து, அதன் மத்திய பதிவேட்டில் பெயரைப் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் தொழில் செய்தால் ஒரு வருஷம் வரை ஜெயில், அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும் சேர்த்து. (அபராதத்தைப் பார்த்துச் சிரிக்காதீங்க... அது 1992 ரேட்!)

அடுத்து, 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் யார் என்று அது தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. ஆர்.சி.ஐ. அங்கீகரித்த கிளினிக்கல் சைக்காலஜி தகுதி இருக்க வேண்டும். இல்லையென்றால், சைக்காலஜியில் முதுகலைப் பட்டமும் அதற்கு மேல் ரெண்டு வருஷ முழுநேர எம்.ஃபில்.லும் வேண்டும். அந்த எம்.ஃபில்.லில் மேற்பார்வையோடு கூடிய கிளினிக்கல் பயிற்சி இருந்தாக வேண்டும் என்பதும் அந்த வரியிலேயே வருகிறது. ஆக, வெறும் எம்.எஸ்ஸி.யோடு மாடியில் போர்டு மாட்டினால் சித்தப்பாவுக்கு வாடகை மிச்சம், அக்காவுக்குக் கேஸ் லாபம்!

இதில் ஒரு ட்விஸ்ட்டும் உண்டு. புதிய கல்விக் கொள்கையில் எம்.ஃபில். படிப்பையே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஆனால், கிளினிக்கல் சைக்காலஜிக்கும் சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்குக்கும் மட்டும் 2025-26 வரை சேர்க்கை நடத்தலாம் என்று 2024 ஜனவரியில் யு.ஜி.சி. சலுகை கொடுத்தது. எம்.ஃபில்.லுக்கு மாற்றாகப் புதுப் படிப்புகளையும் ஆர்.சி.ஐ. கொண்டு வந்திருக்கிறது. அதனால், இந்தப் பக்கம் வர நினைக்கிற ஜூனியர்ஸ்... காலேஜ் விளம்பரத்தை நம்பி ஃபீஸ் கட்டாதீங்க. நீங்க சேரப்போற காலேஜும் படிப்பும் ஆர்.சி.ஐ. அங்கீகாரப் பட்டியல்ல இருக்கான்னு முதல்ல பாருங்க.

அக்காவுக்கு முதல் தடவை என்ட்ரன்ஸில் சீட் கிடைக்கவில்லை. ஒரு வழிகாட்டிக்கு இத்தனை மாணவர்கள்தான் என்று கணக்கு இருப்பதால் சீட்டே குறைவு. அந்த ஒரு வருஷம் ஒரு ஸ்கூலில் கவுன்சலராக இருந்தாள். பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசினாள், டீச்சர்களிடம் பேசினாள். டெஸ்ட் எடுத்து நோய்க்குப் பெயர் எழுதிக் கொடுக்கிற வேலையை மட்டும் தொடவே இல்லை. சந்தேகம் வந்தால் டாக்டரிடம் அனுப்பிவிடுவாள். அடுத்த வருஷம் சீட் கிடைத்தபோது, பெரியம்மா ஒரு வார்த்தை பேசாமல் ரெண்டு வளையலைக் கழற்றிக் கொடுத்தார். முதல் வருஷ ஃபீஸ் அதில்தான் கட்டினார்கள்.

‘அப்படி என்ன பெரிய மேற்பார்வை?’ என்று நானும் அக்காவை நோண்டினேன். ஆஸ்பத்திரியில் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தால், அதை முழுசாக எழுத வேண்டும். எழுதியதை சீனியர் முன்னால் வைக்க வேண்டும். ‘இந்தக் கேள்வியை ஏன் கேட்டே? இந்த டெஸ்ட் எதுக்கு? அவர் அழுதப்போ நீ ஏன் பேச்சை மாத்தினே?’ என்று வரிசையாக வரும். நம்ம லேப் அப்சர்வேஷன் நோட்டை ஹெச்.ஓ.டி. சிவப்பு மையால் பதம் பார்ப்பாரே, அது இதற்கு முன்னால் ஜுஜுபி!

“திட்டு வாங்கறது கஷ்டமா இல்லையா?” என்றேன்.

“எனக்குத் தெரியாத இடத்துல ஒரு ஆளோட வாழ்க்கையை வெச்சுத் தடவிப் பார்க்கறதுதான்டா கஷ்டம். திட்டு பரவாயில்ல” என்றாள்.

இந்தப் பதிலோட வெயிட் எனக்கு ரூம்மேட் விஷயத்தில்தான் புரிந்தது. அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம்.

நாலு அரியர். அதோடு ஒரு காதல் முறிவு. ராத்திரி மூணு மணிக்கும் மொட்டை மாடியில் உட்கார்ந்திருப்பான். மெஸ்ஸுக்கு வருவதை நிறுத்திவிட்டான். ஊருக்குப் போனபோது அவன் அப்பா ஒரு ‘மனநல மைய’த்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார். வாசலில் பெரிய போர்டு, சுவரில் ஏகப்பட்ட சர்ட்டிஃபிகேட், அதில் பாதி ரெண்டு நாள் வொர்க்‌ஷாப்பில் வாங்கியது. உள்ளே இருந்தவர் அன்பாகத்தான் பேசினாராம். ‘எங்கிட்ட எதை வேணா சொல்லுப்பா’ என்றாராம். இவனும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

அன்றைக்குச் சாயங்காலமே அப்பா கேட்டிருக்கிறார், “யாருடா அந்தப் பொண்ணு?”

அதற்குப் பிறகு மூன்று மாதம் அவன் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. என்னிடம்கூட.

2017 சட்டத்தின் 23-வது பிரிவு, சிகிச்சைக்கு வந்தவரின் ரகசியத்தைக் காக்கும் உரிமையைப் பற்றிப் பேசுகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே விதிவிலக்கு. காதல் தோல்வி அந்த லிஸ்டில் இல்லை, பாஸ்! சரி, அந்த மையத்துக்காரர் மேல் புகார் கொடுக்கலாமா என்று அக்காவிடம் கேட்டேன். “ரிஜிஸ்டர்ல பேர் இருந்தா கவுன்சில்ல புகார் கொடுக்கலாம். தப்பு நிரூபணமானா பேரை எடுக்க அவங்களுக்குப் பவர் இருக்கு. பேரே இல்லாதவரை எதுலருந்துடா எடுக்கறது?” என்றாள்.

யோசித்துப் பாருங்க. பதிவு என்பது அவர் திறமைசாலி என்பதற்கு கேரன்டி கிடையாது. பதிவு உள்ளவரும் தப்புச் செய்யலாம். ஆனால், அவரைக் கேள்வி கேட்க ஒரு இடம் இருக்கிறது. மேற்பார்வையும் அப்படித்தான். அன்றைக்கு அந்த மையத்துக்காரருக்கு மேல் ஒரு சீனியர் இருந்திருந்தால், ‘அப்பா கேக்கறார், சொல்லலாமா?’ என்று ஒரு போன் போட்டிருக்கலாம். அந்த ஒரு போன் என் நண்பனுக்கு மூன்று மாதத்தை மிச்சப்படுத்தியிருக்கும்.

எங்க டிபார்ட்மென்ட்டில் ஒரு விஷயம் சொல்வார்கள். ஒரு வீட்டுக்கு வயரிங் பண்ணவே தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்றிதழ் வேண்டும். சுவருக்குள் போகிற வயருக்கே இந்தக் கண்டிஷன்! மனசுக்குள் போகிறவர்களிடம் மட்டும் நாம் ஏன் கேட்பதில்லை?

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆர்.சி.ஐ. பதிவு இல்லாத எல்லோரும் போலி கிடையாது. ஸ்கூல், காலேஜ், தொண்டு நிறுவனம் என்று பல இடங்களில் எம்.எஸ்ஸி., எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவர்கள் அருமையாக வேலை பார்க்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், ‘கவுன்சலர்’ என்கிற பெயருக்கு ரொம்ப காலம் சட்டத்தில் வேலியே இல்லை. யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்ற நிலைமை. 2021-ல் வந்த தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் அந்த வேலியைப் போட ஆரம்பித்தது. ஆர்.சி.ஐ.யின் கீழ் வராத சைக்காலஜிஸ்ட், சில வகைக் கவுன்சலர்கள், சமூகப் பணியாளர்கள் ஆகியோர் இதன் பட்டியலில் இருக்கிறார்கள். இதன்படி ‘ஹெல்த்கேர் புரொஃபஷனல்’ என்ற தகுதிக்குக் குறைந்தபட்சம் 3,600 மணி நேரப் படிப்பு வேண்டும். மாநிலங்களில் கவுன்சில், பதிவேடு எல்லாம் இந்தச் சட்டத்தில் உண்டு. இதைக் காரணம் காட்டித்தான், சைக்காலஜி உள்ளிட்ட சில படிப்புகளைத் தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று 2025 ஜூலை - ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து யு.ஜி.சி. தடை போட்டது.

நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட இன்னொரு நியூஸ். 2025 ஜூலை 25-ம் தேதி, விசாகப்பட்டினத்தில் நீட் கோச்சிங்கில் இருந்த ஒரு மாணவியின் மரணம் பற்றிய வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. நூறு அல்லது அதற்கு மேல் மாணவர்கள் படிக்கிற கல்வி நிறுவனங்களில், தகுதியான கவுன்சலரோ சைக்காலஜிஸ்ட்டோ சமூகப் பணியாளரோ குறைந்தது ஒருவராவது இருக்க வேண்டும் என்றது. ‘தகுதியான’ என்ற வார்த்தையை அண்டர்லைன் பண்ணிக்கோங்க. இங்கிலீஷ் சாருக்கு எக்ஸ்ட்ரா டியூட்டி போட்டு, ரூம் வாசலில் பெயர்ப்பலகை மாட்டினால் கணக்கில் வராது. உங்க பிரின்சிபலிடம் மரியாதையாகக் கேட்கலாம். கேட்கிற உரிமை நமக்கு உண்டு.

ரூம்மேட் இப்போ எப்படி இருக்கான்னு கேட்பீங்க. அக்காவே அவனிடம் பேசுவாள் என்றுதான் நினைத்தேன். மறுத்துவிட்டாள். “உன் ஃப்ரெண்டை நான் பார்க்கக் கூடாதுடா. நான் இன்னும் ட்ரெய்னி வேற” என்று சொல்லி, முதலில் டெலி மானஸ் நம்பரைக் கொடுத்தாள். 14416. 2022 அக்டோபரில் ஆரம்பித்த அரசு சேவை, 24 மணி நேரமும் இலவசம். அங்கே பேசிய பிறகுதான் அவன் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனான். அங்கேயும் ஒரு ட்ரெய்னிதான் பேசினாராம். எடுத்ததுமே, “நான் பயிற்சியில இருக்கேன். நீங்க சொல்றதை எங்க மேடம்கிட்ட மட்டும் டிஸ்கஸ் பண்ணுவேன். உங்களுக்கு ஓகேவா?” என்று கேட்டிருக்கிறார்.

“மச்சான், ஓகேவான்னு கேட்டாங்கடா!” என்று வந்து சொன்னான். ரொம்ப நாள் கழித்து அன்றைக்கு என்னோடு மெஸ்ஸுக்கு வந்தான். அரியரில் ரெண்டு இன்னும் பாக்கி. தூக்கம் வருகிறது.

அதனால் ஃப்ரெண்ட்ஸ், யாரிடம் போனாலும் நாலே நாலு கேள்வி. என்ன படிச்சிருக்கீங்க, முழுநேரப் படிப்பா? கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா உங்க ஆர்.சி.ஐ. பதிவு எண் என்ன? (சி.ஆர்.ஆர். நம்பர் என்பார்கள். ஆர்.சி.ஐ. இணையதளத்தில் சரிபார்க்கலாம்.) சந்தேகம் வந்தா நீங்க யாரைக் கேப்பீங்க? நான் சொல்றதை யார்கிட்ட, எப்போ சொல்வீங்க? கூடவே ஒன்று. மாத்திரை எழுதித் தருவது மனநல மருத்துவரின் வேலை. சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் மாத்திரைச் சீட்டை நீட்டினால், எழுந்து வந்துடுங்க.

இதையெல்லாம் கேட்டா கோபிச்சுக்குவாங்களோன்னு பயப்பட வேண்டாம். அக்காகிட்ட கேட்டுட்டேன். “ஒழுங்கா படிச்சவ எவளும் கோபப்பட மாட்டா. நம்பரைச் சொல்லிட்டு, ‘உட்காருங்க’ன்னு சொல்லுவா” என்கிறாள்.