நாலு வரிசைக்குப் பன்னிரண்டு

ஸ்வெட்டர் பின்னத் தெரிந்தவர்களுக்கும் அக்குளும் கழுத்தும் வரும்போது கை தயங்கும். 'நான்கு வரிசைக்கு ஒருமுறை கைப்பக்கம் ஒரு கண்ணி குறைக்கவும்; அதே சமயம் இரண்டு வரிசைக்கு ஒருமுறை கழுத்துப்பக்கம் ஒரு கண்ணி குறைக்கவும்' என்று குறிப்பில் இருக்கும். இரண்டு கணக்கும் ஒரே ஊசியில் ஓட வேண்டும். எந்த வரிசையில் இருக்கிறோம் என்பது மறந்தால் தோள் கோணிவிடும்.

இந்தக் கணக்கை நன்றாகப் புரிந்துகொள்ள நான் போன இடம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள கொக்கிலமேடு. ஸ்வெட்டருக்கு அந்தக் கடற்கரையில் வேலையே இல்லை. ஆனால் கண் கூட்டிக் கூட்டி நூலை வட்டமாக விரியச் செய்யும் வித்தை அங்கே பரம்பரையாக இருக்கிறது. கழிமுகத்திலும் பக்கிங்ஹாம் கால்வாயிலும் மடவைக்கும் இறாலுக்கும் வீசும் வீச்சுவலை அப்படித்தான் பிறக்கிறது.

ஃபைபர் படகுகளுக்குப் பின்னால், ஓலைக் கொட்டகை நிழலில் பெரியவர் ஒருவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். வலையின் தலைப்பு தூணில் கட்டியிருந்தது. வலது கையில் நூல் சுற்றிய வலை ஊசி, இடது கையில் கண்ணின் அளவைத் தீர்மானிக்கும் மூங்கில் பட்டை. பட்டையைச் சுற்றி நூல் வரும், மேல் வரிசைக் கண்ணுக்குள் ஊசி நுழையும், முடிச்சு இறுகும். எல்லாக் கண்ணும் ஒரே அளவாக விழுவதற்கு அந்தப் பட்டைதான் பொறுப்பு.

"கணக்கு ஒன்னுதாம்மா. நாலு வரிசைக்கு ஒருவாட்டி பன்னெண்டு கண்ணு கூட்டு" என்றார். கூட்டுவது எப்படி என்றும் காட்டினார். ஒரு கண்ணில் முடிச்சுப் போட்டபின், அதே கண்ணிலேயே இன்னொரு வளையம் விட்டு முடிச்சிடுகிறார். அடுத்த வரிசையில் அந்தக் கூடுதல் வளையமும் ஒரு கண்ணாகிவிடும்.

அவர் 48 கண்ணில் தொடங்கியிருந்தார். பன்னிரண்டு இடத்தில் கூட்ட வேண்டுமென்றால் முதல்முறை நாலு கண்ணுக்கு ஒன்று. இப்போது 60 கண் ஆகிவிட்டது. அடுத்தமுறை ஐந்து கண்ணுக்கு ஒன்று. அதற்கடுத்து ஆறு. எத்தனையாவது வரிசை என்பதை அவர் எங்கும் குறித்துவைப்பதில்லை. ஒரு கூட்டலுக்கும் பக்கத்துக் கூட்டலுக்கும் நடுவே எத்தனை கண் என்று எண்ணுகிறார். முப்பது வந்தால் 26 தடவை கூட்டியாகிவிட்டது, அதாவது 104 வரிசை முடிந்தது என்று பொருள். எண்ணிக்கை முழுவதும் வலையிலேயே இருக்கிறது.

"கையில இருக்கற வேலைய எண்ணும்மா. போன வேலைய மனசுல தேடாத" என்றார். ஸ்வெட்டர் குறிப்போடு போராடும் எல்லோருக்கும் இதைச் சொல்வேன். தோளில் குறைக்கிற இரண்டு கோடுகளுக்கு நடுவே எத்தனை கண்ணி என்று எண்ணினால் போதும், வரிசை எண் தானே தெரிந்துவிடும்.

ஏன் பன்னிரண்டு? ஊருக்குத் திரும்பியதும் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். சாய்சதுரக் கண்கள் சரியாகச் சதுரமாகத் திறந்து, வலை தட்டையான வட்டமாக விரிய வேண்டுமென்றால், ஒவ்வொரு வரிசைக்கும் பை அளவுக்கு, அதாவது 3.14 கண் கூட வேண்டும். நாலு வரிசைக்குப் பன்னிரண்டு என்றால் வரிசைக்கு 3. எவ்வளவு நெருக்கம்! ஒரே நீள நூலில் கண் அதிகப் பரப்பை மூடுவது சதுரமாகத் திறக்கும்போதுதான். இழுத்துப் பிடித்தால் 25 மில்லிமீட்டர் இருக்கும் கண்ணில், ஒரு வரிசைக்கு அதில் பாதி நீளம் என்பதால், 240 வரிசை பின்னினால் வலை மூன்று மீட்டர் நீளம் தொங்கும், விளிம்பில் 768 கண் இருக்கும். வீசும்போது அது நாலு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான விட்டத்தில் வட்டமாக விழும். சூத்திரம் எழுதாமலே தலைமுறைகள் தண்ணீரில் வீசி வீசிக் கண்ட விடை இது.

இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த பின்னல் ஆசிரியை எலிசபெத் சிம்மர்மன் இதே வடிவியலில் வட்டச் சால்வை ஒன்றை வடிவமைத்தார். ஆரம் இரட்டித்தால் சுற்றளவும் இரட்டிக்கும் என்பதால், அவர் அடிக்கடி கூட்டுவதில்லை. இடைவெளி 3, 6, 12, 24 வரிசை என்று இரட்டிக்க, ஒவ்வொரு இடைவெளிக்குப் பிறகும் கண்ணிகளை ஒரேயடியாக இரட்டிப்பாக்குகிறார். கொக்கிலமேட்டுக் கணக்கு சீராக வளர்கிறது, அவருடையது தாவித் தாவி வளர்கிறது. இரண்டும் வட்டத்தில்தான் முடிகின்றன.

வலையின் அடியில் கூட்டல் நின்றுவிடும். கடைசிச் சில வரிசைகள் நேராகவே போகும். அந்தப் பகுதியை உள்பக்கம் மடித்து இடையிடையே கட்டிப் பையாக்குகிறார்கள். ஓரத்தில் ஈயக் குண்டு கோக்கிறார்கள். இழுக்கும்போது ஈயம் அடியில் ஒன்றுசேர, மீன் பையில் விழுகிறது. ஆக வடிவம் சொல்லும் எந்தக் குறிப்பிலும் நான்கு விடை இருக்க வேண்டும்: எத்தனை வரிசைக்கு ஒருமுறை, எத்தனை கண், எந்த இடத்தில், எதுவரை. ஸ்வெட்டர் குறிப்பு குழப்புகிறது என்றால் இந்த நான்கில் ஒன்று அதில் மறைந்திருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடித்து, வரிசைவாரியாகக் கண்ணி எண்ணிக்கையைப் பட்டியல் போட்டுவிட்டால் 'அதே சமயம்' என்ற சொல் பயமுறுத்தாது.

இன்று தொழிற்சாலையில் நெய்த நைலான் வலை நேர்த்துண்டாக வருகிறது. அதை முக்கோணங்களாக வெட்டி இணைத்தும் வீச்சுவலை செய்கிறார்கள். விலை குறைவு, நேரம் மிச்சம். வருமானத்துக்கு ஓடும் வீட்டை அதற்காகக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கையால் பின்னிய வலை கிழிந்தால், கூட்டல் எங்கே விழுந்தது என்று அறிந்தவர்தான் சுருக்கமில்லாமல் அடைக்க முடியும். அறியாதவர் போட்ட ஒட்டு, வலை விரியும்போது அந்த இடத்தைப் பிடித்து இழுக்கும்.

அதே மாமல்லபுரத்தில் கல்லுக்கு ஒரு கல்லூரி இருக்கிறது. 1957-இல் தொடங்கிய அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியில் முகத்தின் நீளத்தை அலகாகக் கொண்டு உடலை அளக்கும் தாளக் கணக்கைப் பாடமாகக் கற்கிறார்கள். ஊரின் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அந்த மரியாதை முழுக்கத் தகும். ஆனால் பக்கத்துக் குப்பத்தில் நூலுக்கும் ஒரு அளவு சாஸ்திரம் இருக்கிறது. அது முதியவர்களின் விரலில் மட்டும் இருக்கிறது. எந்தக் கண்ணுக்கு எந்தப் பட்டை, எந்த மீனுக்கு எத்தனை கூட்டல், ஓரத்தில் எத்தனை நேர்வரிசை என்பதை, சொல்பவரின் சொல்லிலேயே, கண் எண்ணிக்கைப் பட்டியலோடு எழுதிவைக்க வேண்டும். நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது, கரையோரமெங்கும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் பட்டம் படிக்கிறார்கள். தாத்தாவிடம் உட்கார்ந்து எண்ணி எழுத அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் கிடையாது. வலை பின்னத் தெரிந்தவர் இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும்.