உடன் ஆடுவோர்

பந்தாட்டங்களுள் பெரும்பாலானவை எதிரியின் செயலால் உருப்பெறுவன. கிரிக்கெட்டில் ஒருவர் எறிய மற்றவர் அடிக்கிறார். டென்னிஸில் நமக்கு வந்த பந்தைத்தான் நாம் திருப்பி அனுப்ப இயலும். கோல்ப் ஆட்டமோ வேறு வகை. பந்து தரையில் அசையாமல் கிடக்கிறது. அதை நாம் அடிக்கும்போது தடுப்பார் இல்லை; துரத்திப் பிடிப்பாரும் இல்லை. நன்றாக அடித்தால் அது நம்மால். கெடுத்தால் அதுவும் நம்மால். அங்ஙனமிருக்க, உடன் ஆடுபவர் யாராயிருந்தால் என்ன என்று புதியவர்கள் எண்ணுவது இயல்பே. பன்னிரண்டு ஆண்டுகளாக இவ்வாட்டத்தை ஆடிவரும் நமக்கு இதற்கு நேர்மாறான கருத்தே உறுதிப்பட்டிருக்கிறது.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். நால்வர் கொண்ட குழு 18 குழிகளையும் ஆடி முடிக்க ஏறக்குறைய 4 மணி நேரம் ஆகும். நம்மைப் போன்ற சுமாரான ஆட்டக்காரர் அதற்குள் 100 அடி அடிப்பார். மட்டையை ஓங்கி வீசுவதற்கு அடி ஒன்றுக்கு 2 விநாடி என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 200 விநாடி. 4 நிமிஷம்கூட ஆகவில்லை. எஞ்சிய நேரமெல்லாம் என்ன செய்கிறோம்? நடக்கிறோம், நிற்கிறோம், முன்னே செல்லும் குழு நகரக் காத்திருக்கிறோம், புதரில் பந்தைத் தேடுகிறோம், பேசுகிறோம், அல்லது பேசாதிருக்கிறோம். அத்தனையும் மூவர் துணையோடுதான். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் எப்படிப்பட்டவராயினும் அரை மணியில் எழுந்துவிடலாம். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் எதிர் இருக்கைக்காரர் தொல்லை கொடுத்தால் மேல் பலகையில் ஏறிப் படுத்துவிடலாம். கோல்ப் மைதானத்தில் அப்படி ஒதுங்கிக்கொள்ள இடம் கிடையாது.

மத்திய அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழித்த ஒருவருக்குக் கோல்ப் எதற்கு என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். நம் வீட்டிலும் கேட்டார்கள். மருத்துவர் நடக்கச் சொன்னார் என்றோம். “நடக்கிறதுக்கு லோதி தோட்டம் இருக்கே, அதுக்குக் காசு கிடையாதே!” என்பது வீட்டம்மாளின் வாதம். அதற்கு இன்றுவரை நம்மிடம் தக்க பதில் இல்லை. பெரிய சங்கங்களில் உறுப்பினராவதற்கு நம் போன்றோரால் இயலாது. நற்பேறாக, தில்லி வளர்ச்சி ஆணையம் 2000-ஆம் ஆண்டில் லாடோ சராயில் ஒரு பொது மைதானத்தை அமைத்தது. குதுப் மினாரின் பெயரையே தாங்கி, அதன் பார்வையிலேயே பரந்து கிடக்கும் மைதானம் அது. உறுப்பினராக வேண்டிய கட்டாயமில்லை. அன்றைய கட்டணத்தைச் செலுத்தி ஆடலாம். தனியாகப் போகிறவரை வேறு சிலரோடு சேர்த்துவிடுவார்கள். ஆகவே தொடக்கத்தில் நம் துணைவர்கள் சீட்டுக் குலுக்கினாற் போல் வாய்த்தவர்களே.

அப்படி வாய்த்தவர்களை எண்ணினால் ஒரு புராணமே எழுதலாம். தாம் 120 அடி அடித்துக்கொண்டு நம்முடைய தோளைத் திருத்துகிறவர் ஒருவர். “தலையைத் தூக்கிவிட்டீர்கள்” என்று ஒவ்வோர் அடிக்குப் பின்னும் அறிவிப்பார். ஒன்பதாவது குழிக்குள் நமக்குத் தலை இருப்பதே ஒரு குற்றம் என்று தோன்றிவிடும். பிறர் அடிக்க நிற்கும்போது கைபேசியில் சரக்கு விலை பேசுகிறவர் மற்றொருவர். தவறான அடிக்குத் தம் மட்டையைத் தரையில் ஓங்கி அறைகிறவர் இன்னொருவர். அவர் கோபம் நம்மீதன்று என்பது தெரிந்தும், அடுத்து அடிக்க வேண்டிய நம் கை நடுங்கும். சினம் தொற்றுநோய் போன்றது என்பதை அங்கே கண்டோம். பெருந்தன்மையும் அவ்வாறே தொற்றும் என்பதைப் பின்னர் அறிந்தோம்.

எல்லாரினும் மனத்தை வருத்துகிறவர் கணக்கைக் குறைப்பவர்தாம். இவ்வாட்டத்தில் சாதாரண நாட்களில் நடுவர் என்று ஒருவர் பின்தொடர்வதில்லை. 1744-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் 13 விதிகளை எழுதிவைத்தார்கள். அன்று முதல் இன்றுவரை இவ்வாட்டம் ஆடுகிறவரின் சொல்லையே நம்பி நடந்துவருகிறது. அடிக் கணக்கில் போட்டி நடக்கும்போது நம் அட்டையை மற்றவர் குறிப்பார்; அவருடையதை நாம் குறிப்போம். ஒரு நாள் ஒருவருடைய பந்து முட்புதருக்குள் போனதை நால்வரும் கண்டோம். சற்றுப் பொறுத்துப் பார்த்தால் அது வெட்டவெளியில், நல்ல புல்லின்மேல், மாப்பிள்ளை போல் வீற்றிருந்தது. “ஐந்து” என்றார் அவர். அட்டை நம் கையில். பென்சிலும் நம் கையில். பணம் ஒன்றும் பந்தயத்தில் இல்லை. ஆயினும் அன்று வீடு திரும்பும் வரையில் மனம் கசந்தே இருந்தது.

இத்தகைய அலைச்சலுக்குப் பின், ஒரு மார்கழிப் பனிக்காலத்தில், நான்கு பேர் தற்செயலாகச் சேர்ந்தோம். பின்னர் பிரியவில்லை. காஷ்மீரி கேட்டில் மோட்டார் உதிரிப் பாகங்கள் விற்கும் சர்தார்ஜி ஒருவர். குர்காவ் கம்பெனி ஒன்றில் பணிபுரியும் திருநெல்வேலித் தம்பி ஒருவர். நான்காமவர் சித்தரஞ்சன் பூங்காவில் வசிக்கும் வங்காளி. கல்லூரியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற பெரியவர். அவரை எல்லாரும் ‘தாதா’ என்போம். நம் ஊர்ச் சினிமாவில் வரும் தாதா அல்லர்; வங்காளிகள் அண்ணனை அழைக்கும் சொல் அது. தம்பி நம்மை ‘அண்ணாச்சி’ என்பார். அதைக் கேட்டுக் கேட்டுச் சர்தார்ஜியும் ‘அண்ணாஜி’ என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்குத் தமிழ் பேசும் ஒருவர் கிடைத்தால் நாக்கு அடங்குவதில்லை. நாமும் தம்பியும் நான்கு மணி நேரமும் தாமிரபரணியைப் பற்றிப் பேசிக்கொண்டே நடந்திருக்கக்கூடும். ஆனால் உடன் வரும் இருவர் அப்போது ஊமைகளாகிவிடுவார்கள். ஆகையால் முதல் வாரத்திலேயே நாங்கள் இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். மைதானத்தில் இந்துஸ்தானி, பந்து மணற்குழியில் விழுந்தால் மட்டும் தமிழ். “இந்தப் பந்து நம்ம பேச்சைக் கேக்க மாட்டேங்கு, அண்ணாச்சி” என்று தம்பி மணலில் நின்று புலம்பும்போது, பொருள் விளங்காமலே மற்ற இருவரும் சிரிப்பார்கள். சர்தார்ஜியும் அத்தகைய நேரத்துக்கெனப் பஞ்சாபியைச் சேமித்து வைத்திருக்கிறார். அவற்றை இங்கே மொழிபெயர்ப்பதற்கில்லை.

நால்வரும் திறமையில் சமமானவர்கள் அல்லர். ஆயினும் சேர்ந்து ஆட முடிகிறதென்றால் அது ‘ஹாண்டிகாப்’ என்னும் ஏற்பாட்டின் புண்ணியம். தம்பியின் எண் 14, நம்முடையது 27. ஆட்டத்தின் முடிவில் நம் கணக்கிலிருந்து அவரைவிட மிகுதியாகக் கழித்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. 2020 முதல் உலகெங்கும் ஒரே முறையாக இதைக் கணக்கிடுகிறார்கள். உச்ச வரம்பு 54. வல்லவரும் மெல்லியவரும் ஒரே களத்தில் மெய்யாகவே போட்டியிட இப்படி வழி செய்து வைத்திருக்கும் விளையாட்டுகள் அதிகம் இல்லை.

தாதாவுக்கு ஆட்டத்தின் பழங்கதைகள் அத்துபடி. அவருடைய கல்கத்தாவில் 1829-இல் தோன்றிய ராயல் கல்கத்தா கோல்ப் சங்கம்தான் பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உள்ளவற்றுள் மிகப் பழையது என்பதை மாதம் ஒருமுறையாவது சொல்லாவிட்டால் அவருக்கு உறக்கம் வராது. அவர் சொன்னவற்றுள் நமக்கு மிகவும் பிடித்தது 1969-ஆம் ஆண்டு நிகழ்ச்சி. ரைடர் கோப்பைக்காக அமெரிக்காவும் பிரிட்டனும் இங்கிலாந்தின் ராயல் பர்க்டேல் மைதானத்தில் மோதின. கடைசி ஆட்டம், கடைசிக் குழி. இரு பக்கமும் சமம். அமெரிக்கர் ஜாக் நிக்லஸ் தம் பந்தைக் குழியில் இட்டுவிட்டார். எதிரி டோனி ஜாக்லினுக்கு இரண்டு மூன்று அடித் தூரம் மிச்சம் இருந்தது. அவர் அதைத் தவறவிட்டிருந்தால் வெற்றி அமெரிக்காவுடையது. நிக்லஸோ அவரை அடிக்கவே விடவில்லை. ‘அது விழுந்ததாகவே வைத்துக்கொள்வோம்’ என்று விட்டுக்கொடுத்துவிட்டார். 16-க்கு 16 என்று போட்டி சமமாக முடிந்தது. அவருடைய அணித் தலைவருக்கு அது பிடிக்கவில்லையாம். “சர்தார், நீர் விட்டுக்கொடுத்திருப்பீரா?” என்று தாதா கேட்பார். “இரண்டு அடியென்றால் விடுவேன், மூன்று என்றால் யோசிப்பேன்” என்பார் சர்தார்ஜி.

இவ்விதம் ஏழெட்டு ஆண்டுகள் ஓடின. சென்ற ஆண்டில் தாதாவுக்கு வயது 79 நிறைந்தது. கண்புரை சிகிச்சை செய்துகொண்டார். அது பெரிய விஷயமில்லை. நடை தளர்ந்தது, அதுவும் பெரிதில்லை. பின்னால் வரும் குழுவுக்கு வழிவிட்டுவிட்டு அரச மரத்தடியில் நிற்பதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கணக்கு மறக்கத் தொடங்கியது. ஏழு அடி அடித்துவிட்டு “ஐந்து” என்பார். வாழ்நாள் முழுவதும் எண்களோடு பழகிய மனிதர்! புதருக்குள் தேடிய அடியும் மணலில் வீணான அடியும் அவர் நினைவிலிருந்து நழுவிவிடுகின்றன. அட்டை நம் கையில். பென்சிலும் நம் கையில். முன்பு வேறொருவர் “ஐந்து” என்றபோது கசந்த அதே சொல்தான். இப்போது நெஞ்சை அடைத்தது கசப்பன்று.

ஒரு ஞாயிறன்று தம்பி ஊருக்குப் போயிருந்தார். அவர் இடத்தில் புதிதாக ஒருவர் சேர்ந்து ஆடினார். பாதி ஆட்டத்தில் அவர் நம்மை ஒதுக்குப்புறமாக அழைத்து, “உங்கள் பெரியவர் கணக்கில் விளையாடுகிறார், கவனித்தீர்களா?” என்று காதில் சொன்னார். அவரைக் குறை கூற இயலாது. அவர் கண்டதைச் சொன்னார். தாதாவின் காதில் அது விழுந்ததோ இல்லையோ, நாம் அறியோம். அதற்கடுத்த ஞாயிறு தமக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். அதற்கடுத்த ஞாயிறும் அவ்வாறே. மனைவியை இழந்தவர், மகள் கடல் கடந்து வாழ்கிறாள். வாரத்தில் அவர் நான்கு மணி நேரம் பிறரோடு இருந்தது எங்களோடுதான்.

மூவர் கூடி யோசித்தோம். அட்டை எழுதுவதையே விட்டுவிடலாம் என்றோம் நாம். ‘அப்படிச் செய்தால் ஏன் என்று அவருக்குத் தெரிந்துவிடும்’ என்றார் சர்தார்ஜி. தம்பிதான் வழி சொன்னார். ‘ஸ்கிராம்பிள்’ என்றொரு முறை உண்டு. நால்வரும் அடிப்பார்கள். நால்வர் பந்துகளுள் எது நல்ல இடத்தில் இருக்கிறதோ அங்கிருந்தே அடுத்த அடியை நால்வரும் அடிப்பார்கள். குழுவுக்கு ஒரே கணக்கு. தனியொருவர் கணக்கு என்பதே இல்லை. தேடலும் குறையும், நடையும் விரையும். ஆனால் ஞாயிறுதோறும் அப்படி ஆடினால் தம்பியின் ஹாண்டிகாப் அந்த ஆட்டங்களால் இறங்காது. அதை ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று அவர் மூன்று ஆண்டுகளாகப் பாடுபட்டு வருகிறவர். அதை நாம் நினைவூட்டினோம். “அதுக்குப் புதன்கிழமை விடியக்காலம் இருக்கு, அண்ணாச்சி” என்று முடித்துவிட்டார்.

சர்தார்ஜி தாதாவின் வீட்டுக்கே போனார். தமக்கு முழங்காலில் வலி என்றும், முழு ஆட்டம் ஆட வேண்டாமென மருத்துவர் சொன்னதாகவும், தம்மை முன்னிட்டு இனி ஸ்கிராம்பிள் ஆட வேண்டுமென்றும் கேட்டுக்கொண்டார். தாதா சம்மதித்தார். முதல் வாரம் சர்தார்ஜி இடது காலைத் தாங்கி நடந்தார். இரண்டாம் வாரம் வலது காலை. தாதா இரண்டு வாரமும் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது ஞாயிறு காலை தாதாவைக் காரில் அழைத்துவருவது தம்பியின் பொறுப்பு. நீண்ட அடிகளுக்குத் தாதாவின் பந்து பயன்படுவதில்லை. குழியருகே வந்துவிட்டாலோ நாங்கள் மூவரும் விலகி நின்று அவரையே முதலில் உருட்டச் சொல்கிறோம். புல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அவர் கண் இன்னும் அறிகிறது. சென்ற மாதம் ஒரு நாள் 78-இல் முடித்தோம். அவற்றுள் இரண்டு குழிகளில் பந்தை நெடுந்தூரத்திலிருந்து உருட்டி உள்ளே இட்டவர் தாதா. மொத்தம் எத்தனை என்று அவர் கேட்டார். சொன்னோம். கார் ஏறுவதற்குள் மறுபடியும் கேட்டார், மறுபடியும் சொன்னோம்.